யாருக்காக இங்கிலீஷ்?

திருப்பூர் பக்கத்தில் ஒரு அரசுப் பள்ளியில் ஆங்கிலம் நடத்துகிறேன். பெற்றோர் கூட்டம் என்றால் இந்தப் பேச்சு வராமல் இருக்காது: "எம்பையன் நாலு பேரு முன்னாடி இங்கிலீஷ்ல பேசோணுமுங்க டீச்சர்." நியாயமான ஆசைதான். பனியன் கம்பெனிக்குச் சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் வந்தால், ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் எதிரே உட்கார்ந்து பேசுவதையும், தாங்கள் செக்கிங் டேபிள் ஓரம் ஒதுங்கி நிற்பதையும் வருஷக்கணக்கில் பார்த்தவர்கள் வேறென்ன கேட்பார்கள்?

ஆனால் அந்த "நாலு பேர்" பிள்ளைகளின் வாயைக் கட்டிவிடுகிறார்கள். கட்டுரையை மனப்பாடம் செய்து மார்க் வாங்குகிற பையன், வகுப்பில் ஒரு வரி பேச எழுந்திருக்க மாட்டான். தப்பாகிவிட்டால் வீட்டு மானம் போகுமே! சோல்டான் டொர்னியேய் என்ற ஹங்கேரிய மொழியியலாளர் 2005-ல் இதைப் பிரித்துச் சொன்னார்: நான் ஆக விரும்பும் ஆள் ஒன்று, மற்றவர்களுக்காக நான் ஆகியே தீர வேண்டிய ஆள் இன்னொன்று. இரண்டாவது ஆளுக்குக் கெட்ட பெயர் வராமல் தப்பிப்பதே பெரிய வேலை.

பிளஸ் ஒன் மாணவி ஒருத்தி. அப்பா நாலைந்து ஓவர்லாக் தையல் மெஷின் போட்டு, கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க் செய்கிறார். சாம்பிளைப் பார்த்து பையர் எழுதும் குறிப்பு அவர் வாட்ஸ்அப்புக்கு வரும். "என்ன போட்டிருக்கான்னு பாரு கண்ணு" என்று மகளிடம் நீட்டிவிடுவார். ஒருநாள் அதை எழுதிக்கொண்டு என்னிடம் வந்தாள். கழுத்து ரிப் (கழுத்துப் பட்டி) அலையலையாக இருக்கிறது, சரிசெய்து அனுப்பவும் என்று இருந்தது. சாம்பிளை மட்டும் திரும்பத் தைப்பதா, ஓடிக்கொண்டிருக்கும் பீஸையும் நிறுத்துவதா? அந்த வாக்கியத்தில் அது தெளிவாக இல்லை. சரி, பையரிடமே கேட்டுவிடலாம் என்று மூன்று வரிப் பதிலை அவளே எழுதினாள். இலக்கணம் அங்கங்கே இடித்தது, கேள்வி தெளிவாக இருந்தது. அவளுக்குக் கூச்சம் துளியும் இல்லை. அவள் அப்பாவுக்கும் எதிர்பார்ப்பு உண்டு. ஆனால் அது ஊர் மெச்சுவதற்கு அல்ல, அன்றைய வேலைக்கு.

ஆசிரியர்களான எங்களுக்கும் இதில் பங்கு உண்டு. ரோசந்தால், ஜேக்கப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1968-ல் வெளியிட்ட அமெரிக்க ஆய்வில், குலுக்கல் முறையில் எடுத்த சில பிள்ளைகளை "இவர்கள் நன்றாக வருவார்கள்" என்று ஆசிரியர்களிடம் சொல்லிவைத்தார்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் அந்தப் பிள்ளைகள் கூடுதலாக முன்னேறினார்கள். அந்த முடிவைப் பற்றி அப்புறம் நிறைய வாதம் நடந்தது. இருந்தாலும், "தமிழ் மீடியத்துக்கு இவ்வளவுதான் வரும்" என்று ஆசிரியர் யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. அந்த நினைப்பு பிள்ளைகள் காதில் விழாமலே அவர்களிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

இப்போதெல்லாம் பெற்றோரிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பேங்க் மெசேஜ், மருந்துச் சீட்டு, டெலிவரி சலான் எதுவானாலும் பிள்ளை கையில் கொடுங்கள். படித்துச் சொல்லும்வரை காத்திருங்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளை பேச்சை மட்டும் எடுக்காதீர்கள்.