மிருகவதை: சட்டம் எதைத் துன்பம் என்கிறது?

கொழும்பின் ஒழுங்கைகளில் குட்டைச் சங்கிலியில் பகல் முழுவதும் வெயிலில் கட்டப்பட்டிருக்கும் நாய்களைக் காணும்போதெல்லாம், இதைக் குற்றமென்று சொல்ல நமது சட்டத்தில் இடமுண்டா என்று யோசிப்பேன். இடமுண்டு. 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க மிருகவதைத் தடுப்புக் கட்டளைச் சட்டம், கொடூரமாக அடிப்பதையும் சித்திரவதை செய்வதையும் மட்டுமன்றி, ஏதேனும் செயலினாலோ செய்யாமல் விடுவதினாலோ ஒரு மிருகத்துக்குத் தேவையற்ற வலியையோ துன்பத்தையோ விளைவிப்பதையும் குற்றமாக்குகிறது. தண்ணீர் வைக்காமல் விடுவதும் இதற்குள் வரக்கூடும்.

ஆனால் எது தேவையற்றது? 1889இல் இங்கிலாந்தில் ஃபோர்ட் எதிர் வைலி என்ற வழக்கில், வளர்ந்த மாடுகளின் கொம்புகளை அடியோடு அறுத்த ஒருவர், அதனால் மாடுகள் கூடுதல் விலைக்குப் போகும் என்று வாதாடினார். நோக்கம் நியாயமானதாக இருந்தால் மட்டும் போதாது, அந்த நோக்கத்துக்கும் மிருகம் அனுபவிக்கும் வலிக்கும் பொருத்தம் இருக்க வேண்டும் என்று கூறி நீதிமன்றம் அதை ஏற்க மறுத்தது. இலாபம் தானாகவே தேவையாகிவிடாது என்ற இந்த நிலைப்பாட்டை நான் மிகவும் மதிக்கிறேன். இருந்தும் தராசின் ஒரு தட்டில் எப்போதும் மனிதனின் நோக்கமே இருக்கிறது என்பது என்னை உறுத்துகிறது.

உரிமையாளரைப் பற்றிய கேள்வியும் உண்டு. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவை மிருகத்தைக் கொல்வதையும் முடமாக்குவதையும் சொத்துக்கு விளைக்கும் சேதத்தின் வரிசையில் வைக்கிறது. 1907ஆம் ஆண்டின் சட்டமோ வீட்டு மிருகங்களையும் பிடிக்கப்பட்ட மிருகங்களையும் பாதுகாக்கிறது. அவற்றுக்கு உரிமையாளர் இருக்க வேண்டும் என்று கேட்பதில்லை. ஆகவே தெருநாயும் இதற்குள் அடங்கும் என்றே நான் வாசிக்கிறேன்.

பிரித்தானியாவின் 2006ஆம் ஆண்டுச் சட்டம் துன்பம் என்பது உடல் சார்ந்ததாகவோ மனம் சார்ந்ததாகவோ இருக்கலாம் என்று வெளிப்படையாகவே சொல்கிறது. காயத்தை நீதவானுக்குக் காட்டலாம், ஆனால் ஓயாத அச்சத்தையும் தனிமையையும் காட்டுவது கடினம். அதனால்தான் இந்த வரையறை சட்டத்திலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். நமது 1907ஆம் ஆண்டுச் சட்டம் வதைக்கு விதித்த அபராதத்தின் உச்சவரம்பு 100 ரூபாய், சிறைத்தண்டனையின் உச்சவரம்பு மூன்று மாதம். அக்காலத்தில் 100 ரூபாய் பெருந்தொகை. இன்று காலி வீதியில் ஒரு வேளைச் சாப்பாட்டுக்கும் போதாது. 2006இல் இலங்கைச் சட்ட ஆணைக்குழு மிருகநலச் சட்டமூலமொன்றை வரைந்தது. புதிய சட்டம் எதுவாயினும், வளர்ப்பவருக்குப் பராமரிப்புக் கடமையை விதித்து, மனத்துன்பத்தையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும்.