எலைசாவில் பின்னணி நிறம் ஏறினால்: பிவிஏ, பிவிபி கரைசல்

எலைசா என்பது ரத்த சீரத்தில் உள்ள ஆன்டிபாடி போன்றவற்றை நிறமாற்றத்தால் காட்டும் சோதனை. அதில் ஆன்டிஜென் (ஆன்டிபாடி பிடிக்கும் பொருள்) பூசாத வெல்லிலும் (பிளேட்டின் குழியிலும்) நிறம் ஏறினால் பலரும் உடனே, வெற்றிடங்களை மூடப் போடும் மாட்டுச் சீரப் புரதமான பிஎஸ்ஏவின் அளவைக் கூட்டுவார்கள், அல்லது பால்பவுடருக்கு மாறுவார்கள். அதற்கு முன்பு நிறம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவது நல்லது. பிளாக் செய்த (வெற்றிடங்களைப் புரதத்தால் மூடிய), ஆனால் ஆன்டிஜென் இல்லாத மூன்று வெல் போதும். ஒன்றில் நிறம் தரும் டிஎம்பி மட்டும். அடுத்ததில் கான்ஜுகேட்டும் (எச்ஆர்பி என்ற என்சைம் இணைத்த ஆன்டிபாடி) டிஎம்பியும். மூன்றாவதில் 1:100 சீரத்திலிருந்து தொடங்கி எல்லாம். முதல் வெல்லிலேயே நிறம் வந்தால் டிஎம்பி கெட்டிருக்கிறது அல்லது எங்கோ எச்ஆர்பி கலந்திருக்கிறது. இரண்டாவதில் வந்தால் கான்ஜுகேட்டை இன்னும் நீர்க்க வேண்டும், கழுவலையும் சரிபார்க்க வேண்டும். மூன்றாவதில் மட்டும் வந்தால் சிக்கல் சீரத்தில்தான்: அதிலுள்ள ஐஜிஜி என்ற ஆன்டிபாடி பிளேட்டின் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கில் நேரடியாக ஒட்டுகிறது, அல்லது பிளாக் செய்யப் போட்ட புரதத்தையே பிடிக்கிறது. மாட்டுப் புரதங்களுக்கு எதிரான ஆன்டிபாடி பலருடைய சீரத்திலும் உண்டு. அங்கே பிஎஸ்ஏவைக் கூட்டக் கூட்டப் பின்னணியும் கூடலாம்.

பாலிவினைல் ஆல்கஹாலும் (பிவிஏ) பாலிவினைல்பைரோலிடோனும் (பிவிபி) உதவுவது இந்த மூன்றாவது நிலையில்தான். அவை புரதம் அல்ல. ஹைடல்பெர்க்கில் உள்ள ஜெர்மன் புற்றுநோய் ஆய்வு மையத்தார், சில சீரங்கள் லூமினெக்ஸ் சோதனையின் நுண்மணிகளிலேயே ஒட்டிக்கொள்வதைக் குறைக்க 0.5% பிவிஏ, 0.8% பிவிபி கொண்ட பஃபரைப் பயன்படுத்தி 2006-இல் வெளியிட்டார்கள். கவனிக்க வேண்டியது, அவர்கள் இதைச் சீரத்தை நீர்க்கும் பஃபரிலேயே சேர்த்தார்கள். பிளாக் செய்யும் படியோடு நிறுத்திவிட்டால் பாதிப் பலன்கூடக் கிடைக்காமல் போகலாம்.

100 மில்லி தயாரிக்க 0.5 கிராம் பிவிஏ எடுங்கள். 87–89% ஹைட்ரலைஸ் ஆன வகை எளிதில் கரையும். 80 மில்லி குளிர்ந்த நீரைக் கலக்கியபடியே தூளைச் சிறிது சிறிதாகத் தூவி, பிறகுதான் 85 டிகிரி வரை சூடேற்ற வேண்டும். நேராக வெந்நீரில் கொட்டினால் வெளிப்புறம் மட்டும் ஊறி, உள்ளே உலர்ந்த தூளோடு கட்டிகட்டியாக நின்றுவிடும்; எவ்வளவு நேரம் கலக்கினாலும் உடையாது. கண்ணாடிபோலத் தெளிந்ததும் ஆறவிட்டு, 0.8 கிராம் பிவிபியும் 10 மில்லி 10எக்ஸ் (பத்து மடங்கு செறிவான) பிபிஎஸ் உப்புக் கரைசலும் 0.05% வரும்படி ட்வீன் 20 என்ற டிடர்ஜென்ட்டும் சேர்த்து 100 மில்லிக்கு நிரப்புங்கள். 0.45 மைக்ரான் ஃபில்டரில் வடிகட்டினால் முடிந்தது. போரேட் பஃபர் மட்டும் கூடவே கூடாது: பிவிஏ சங்கிலிகளைப் பிணைத்துக் கூழாக்கிவிடும். எச்ஆர்பி பயன்படுத்துவதால் சோடியம் அசைடும் வேண்டாம், அது எச்ஆர்பியை முடக்கும்.

கான்ஜுகேட்டை நீர்க்கும் பஃபரில் புரதத்தை முழுதாக எடுத்துவிடாதீர்கள். மிகவும் நீர்த்த கான்ஜுகேட் புரதம் இல்லாமல் செயல்திறனை இழக்கும், குழாயின் சுவரிலும் ஒட்டும். சாண்ட்விச் எலைசாவில் (ஆன்டிஜெனை இரண்டு ஆன்டிபாடிகளுக்கு நடுவே பிடிக்கும் வகை) சீரத்திலுள்ள ருமட்டாய்டு ஃபேக்டரோ ஹெட்டரோஃபில் ஆன்டிபாடியோ இரண்டு ஆன்டிபாடிகளையும் பாலம்போல இணைத்துத் தரும் பொய் பாசிட்டிவுக்கு இந்தப் பாலிமர்கள் மருந்தல்ல. அதற்கு எலி ஐஜிஜி போன்ற தடுப்பான்தான் வேண்டும்.

பஃபரை மாற்றியதும் பிளாங்க்கின் (ஆன்டிஜென் இல்லாத வெல்லின்) ஓ.டி. என்ற நிற அளவு இறங்கியதை மட்டும் பார்த்துவிட்டு முடிவெடுக்காதீர்கள். வலுக்குறைந்த பாசிட்டிவ் கண்ட்ரோலையும் அதே பிளேட்டில் பழைய பஃபரிலும் புதிய பஃபரிலும் ஓட்டுங்கள். இரண்டும் ஒரே விகிதத்தில் இறங்கியிருந்தால், பஃபர் மாற்றியதில் லாபம் எதுவும் இல்லை.