‘எங்க வீட்டுக்காரர்’ ஸ்பெயினில் செல்லாது

ஸ்பெயினுக்குக் குடிவந்த தமிழர்களுக்குக் கடைக்கும் பேருந்துக்கும் வேண்டிய ஸ்பானிஷ் சீக்கிரமே வந்துவிடும். குடும்பத்தைப் பற்றிப் பேசும்போதுதான் நாக்கு தடுக்கும். அதற்குக் காரணம் நம்முடைய ‘எங்க’.

ஒரே பிள்ளையாக இருந்தாலும் நாம் ‘எங்க அம்மா’ என்போம். அதையே டாக்டரிடம் ‘நுவெஸ்த்ரா மாத்ரே’ (எங்கள் அம்மா) என்று சொன்னால், கூடப் பிறந்தவருக்கும் சேர்த்துப் பேசுகிறீர்கள் என்று அவர் எடுத்துக்கொள்வார். ‘நுவெஸ்த்ரோ மரிதோ’ இன்னும் மோசம்: நாலு பேருக்கு ஒரே கணவர் என்று ஆகிவிடும். தனியாளாகப் பேசினால் ‘மி’ (என்னுடைய) போதும். மி மாத்ரே, மி மரிதோ, மாமியார் என்றால் மி சுவேக்ரா. கணவனும் மனைவியுமாகப் பள்ளிக்குப் போய் டீச்சரிடம் பேசும்போது ‘நுவெஸ்த்ரா இஹா’ என்றால் பொருந்தும்: எங்கள் மகள்.

மி, து (உன்னுடைய), சு (அவருடைய) மூன்றும் ஆண்பால் பெண்பால் பார்ப்பதில்லை. பன்மைக்கு மட்டும் மிஸ், துஸ், சுஸ் என்று மாறும். நுவெஸ்த்ரோ அப்படியல்ல, உறவுக்காரர் ஆணா பெண்ணா என்பதையும் பார்க்கும். பேசுகிறவர் யார் என்பது பொருட்டே இல்லை. பெண் பேசுகிறார் என்பதற்காக ‘நுவெஸ்த்ரா இஹோ’ என்பது அடிக்கடி காதில் விழும் தவறு. மகன் என்றால் யார் பேசினாலும் நுவெஸ்த்ரோ இஹோ.

பன்மையில் இன்னொரு பொறி உண்டு. ‘மிஸ் பாத்ரெஸ்’ என்றால் அப்பாவும் அம்மாவும். ‘தியெனே எர்மானோஸ்?’ (கூடப் பிறந்தவர்கள் உண்டா?) என்று கேட்டால் அண்ணன் தம்பியை மட்டும் கேட்கவில்லை. அக்கா ஒருத்திதான் என்றாலும் ‘ஸீ, உனா எர்மானா’ (ஆமாம், ஒரு சகோதரி) என்றே சொல்ல வேண்டும்.

ரொம்பவும் குழப்புவது ‘சு’. அவனுடைய, அவளுடைய, அவர்களுடைய, மரியாதையாக உங்களுடைய, எல்லாவற்றுக்கும் இது ஒன்றுதான். வரவேற்பு மேசையில் ‘சு இஹோ?’ என்று கேட்டால் உங்கள் மகனைத்தான் கேட்கிறார்கள். பதிலில் அது ‘மி இஹோ’ ஆகிவிடும். கேள்வியில் வந்த ‘சு’வையே திருப்பிச் சொன்னால் வேறு யார் பிள்ளையையோ கூட்டி வந்ததாகப்படும். அக்காவையும் அத்தானையும் சேர்த்துப் பேசிவிட்டு ‘சு மாத்ரே’ என்றால் யாருடைய அம்மா என்று தெரியாது. ‘லா மாத்ரே தெ எல்’ என்றால் அத்தானின் அம்மா, ‘தெ எய்யா’ என்றால் அக்காவின் அம்மா.

பிள்ளைக்கு வயிற்றுவலி என்றால் ‘சு’ வேண்டியதே இல்லை. ‘ஆ மி இஹா லெ துவெலெ லா பர்ரிகா’ (என் மகளுக்கு வயிறு வலிக்கிறது) என்பதுதான் வழக்கு. வயிற்றுக்கு முன்னால் ஆங்கில ‘the’ போல வெறும் ‘லா’, யாருக்கு வலி என்பதை ‘லெ’ சொல்லிவிடுகிறது.

கனரித் தீவுகளில் கடைக்காரம்மா ‘மி நின்யா’ (என் சிறுமியே) என்று கூப்பிட்டால் உறவு கொண்டாடுவதாக நினைக்க வேண்டாம். நம் ஊரில் ‘கண்ணு’ என்பதைப் போலத்தான்.

கவனமாக இருக்க வேண்டிய இடம் அரசு அலுவலகம். பெரியப்பா மகனை நாம் அண்ணன் என்போம். அங்கே ‘மி எர்மானோ’ என்றால் கூடப் பிறந்தவர் மட்டுமே. பெற்றோர் பெயர் ஒத்துப்போகாதபோது கேள்வி வரும். அவர் ‘மி ப்ரிமோ’, பெரியப்பா ‘மி தியோ’. சித்தப்பா, மாமா, அத்தையின் கணவர் எல்லோரும் அதே தியோதான். அம்மாவழியா அப்பாவழியா என்று கேட்டால் மட்டும் ‘எர்மானோ தெ மி மாத்ரே’, ‘எர்மானோ தெ மி பாத்ரே’ என்று பிரித்துச் சொல்லலாம்.