பென்டிரைவில் ஓடும் மடிக்கணினி

வன்தட்டு பழுதாகிக் கிடந்த பழைய மடிக்கணினியை, ஒரு வாரமாக, பென்டிரைவில் பதித்த பப்பி லினக்ஸைக் கொண்டே இயக்கி வருகிறேன். பேரி காலர் என்பவர் 2003இல் ஆஸ்திரேலியாவிலிருந்து வெளியிட்ட இந்த இயங்குதளம், தொடங்கும்போதே தன் கோப்புகளை ரேம் எனும் தற்காலிக நினைவகத்தில் ஏற்றிக்கொள்வதால், பென்டிரைவின் மந்தமான வேகம் அதன்பின் உறுத்துவதில்லை.

முதல் நாள் தட்டச்சு செய்த நீண்ட கடிதமொன்று கணினியை அணைத்ததும் காணாமற்போனது; பிழை என்னுடையதே. ரேமில் இருப்பது மின்சாரம் நின்றதும் அழிந்துவிடும் என்பதால், முதன்முறை அணைக்கும்போது சேமிப்புக் கோப்பு ஒன்றை உருவாக்கலாமா என்று பப்பி கேட்கிறது; அவசரத்தில் நான் வேண்டாம் என்று அழுத்திவிட்டேன். இப்போது அக்கோப்பை உருவாக்கிவிட்டேன். பென்டிரைவ் ஃபேட்32 முறையில் வடிவமைக்கப்பட்டிருந்தால் எந்தவொரு கோப்பும் 4 ஜிபியைத் தாண்ட இயலாது என்பதால், நான் 2 ஜிபியோடு நிறுத்திக்கொண்டேன்.

பென்டிரைவில் இருக்கும் ஃபிளாஷ் நினைவகத்தில் எத்தனை முறை எழுதலாம் என்பதற்கு வரம்புண்டு. அதனாலேயே பப்பி ஒவ்வொரு மாற்றத்தையும் உடனுக்குடன் எழுதாமல், ரேமில் வைத்திருந்து இடைவெளி விட்டு எழுதுகிறது. ஆகவே முக்கியமான எதையேனும் முடித்தவுடன், திரையில் இருக்கும் சேமிப்புப் பொத்தானை நானே ஒருமுறை அழுத்திவிடுகிறேன். புதிய வன்தட்டு வாங்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை.