சமைக்காத சாப்பாட்டுக்கு மாறும்போது

மூன்று வேளையும் ஒரேயடியாகப் பச்சையாகச் சாப்பிட ஆரம்பிக்காதீர்கள். நான் காலை வேளையை மட்டும் மாற்றினேன், இரண்டு வாரம் கழித்துத்தான் மதியத்துக்கு வந்தேன், பால், தயிர் எல்லாம் அப்புறம்தான் நின்றது. இரவில் இன்றைக்கும் சூடாக ஏதாவது வேண்டும், அதில் தப்பே இல்லை.

முதல் வாரம் தலைவலி, சோர்வு. வயிறு நிறைந்தது, ஆனால் சாப்பாடு போதவில்லை. 100 கிராம் வெள்ளரிக்காயில் கிட்டத்தட்ட 15 கலோரிதான், வாழைப்பழம், ஊறவைத்த பாதாம், தேங்காய் என்று சேர்த்ததும் சரியாகிவிட்டது.

எனக்கு ரொம்பப் பிடித்தது பச்சைப்பயறு. இரவு ஊறவைத்து, காலையில் தண்ணீரை வடித்து ஈரத்துணியில் கட்டி வைத்தால், மறுநாள் துணியின் இழைகளுக்குள் வெள்ளை முளை குத்திக்கொண்டு நிற்கும், பிரிக்கும்போதே ஒரு பச்சை வாசம் வரும். வழவழப்போ புளித்த நாற்றமோ இருந்தால் யோசிக்காமல் கொட்டிவிடுங்கள், அந்த ஈரமும் சூடும் கிருமிக்கும் பிடிக்கும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் வயதானவர்களும் முளைப்பயறை வேகவைத்தே சாப்பிடட்டும். ராஜ்மாவை மட்டும் யாரும் பச்சையாகவோ முளைகட்டியோ தொடக் கூடாது, அதிலுள்ள லெக்டின் என்ற நச்சுப் புரதம் வாந்தி, வயிற்றுப்போக்கில் கொண்டுபோய் விடும், நன்றாகக் கொதித்தால்தான் அது அழியும்.

வைட்டமின் பி12 செடிகொடிகளிலிருந்து நம்பிக் கிடைக்காது, மாத்திரை கட்டாயம். கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் குறைபாடு வெளியே தெரியவே சில வருடங்கள் ஆகலாம், அதற்குள் நரம்புகள் பாதிக்கப்பட்டிருக்கலாம். தயவுசெய்து முதல் நாளிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள்.