மாலை வகுப்புக் கடிதமும் சாதிச் சான்றிதழும்

வடசென்னையில் பக்கிங்காம் கால்வாயை ஒட்டிய குடிசைப் பகுதியில் ஒரு திருச்சபை நடத்தும் சமூக மையத்தில் பணிபுரிகிறேன். பகலில் குழந்தைகள் காப்பகம், மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் படிப்பு, பெண்களுக்குத் தையல் பயிற்சி என இயங்கும் இந்த மையத்துக்கு வரும் பிள்ளைகளில் பெரும்பாலோர் இந்துக் குடும்பத்துப் பிள்ளைகள்தாம். அவர்களில் பத்தாம் வகுப்பு முடித்த ஒரு மாணவிக்கு ஆதிதிராவிடர் சாதிச் சான்றிதழ் பெறுவதற்காக அவளுடைய தாயுடன் அலைந்து திரும்பிய எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. இதைப் போன்ற மையங்களில் இருப்பவர்கள் அதே பள்ளத்தில் விழக்கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்கும் முறை அனைவரும் அறிந்ததுதான். ஆதார், குடும்ப அட்டை, பள்ளி மாற்றுச் சான்றிதழ், தந்தையின் சாதிச் சான்றிதழ் ஆகியவற்றை எடுத்துச் சென்றிருந்தோம்; கட்டணம் 60 ரூபாய். சிக்கல் முகவரியில் தொடங்கியது. குடும்ப அட்டையில் இருந்த கதவு எண்ணும் ஆதாரில் இருந்த எண்ணும் ஒத்துப்போகவில்லை. "வேற ஏதாவது இருக்காம்மா?" என்று கணினியில் இருந்த இளைஞர் கேட்டதும், தாய் தம் பையைத் துழாவி ஒரு காகிதத்தை நீட்டினார். நூலக உறுப்பினர் அட்டைக்காக எங்கள் மையம் எப்போதோ கொடுத்த கடிதம் அது. மேலே இடப்பக்கம் நீல நிறச் சிலுவை, கீழே சிறு பிள்ளைகளைப் பற்றிய வேதவசனம், நடுவில் இந்த மாணவி இன்ன முகவரியில் வசிக்கிறாள், எங்கள் மாலை வகுப்புக்குத் தவறாமல் வருகிறாள் என்று இரண்டு வரிகள். அதையும் ஸ்கேன் செய்து விண்ணப்பத்தோடு ஏற்றிவிட்டார்கள்.

சில வாரங்களில், இணைத்த ஆவணங்கள் திருப்தியாக இல்லை என்ற ஒரு வரியோடு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. எந்த ஆவணம், ஏன் திருப்தியில்லை என்பதற்கு அந்த வரியில் விடை இல்லை. வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் சென்றபோது சம்பந்தப்பட்ட எழுத்தர் இருக்கையில் இல்லை. மறுமுறை சென்றபோது கூட்டத்தில் இருந்தார். ஒருவழியாக அவரைப் பிடித்தபோதுதான் உண்மை தெரிந்தது.

"சர்ச் குடுத்த லெட்டர் உள்ள இருக்கே, அப்புறம் எப்படிம்மா இந்துன்னு சொல்றீங்க?"

"டியூஷனுக்குத்தான் சார் அனுப்புறோம். எங்க வீட்ல யாரும் மாறல."

எழுத்தரின் சந்தேகம் முற்றிலும் ஆதாரமற்றது என்று நான் சொல்லமாட்டேன். 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்து, சீக்கிய, பௌத்த சமயங்களைப் பின்பற்றுவோர் மட்டுமே பட்டியல் சாதியினராகக் கருதப்படுவர். சீக்கியர் 1956இலும் பௌத்தர் 1990இலும் சேர்க்கப்பட்டனர். கிறிஸ்தவத்துக்கு மாறியவர்களுக்கு அந்தத் தகுதி இன்றுவரை இல்லை. திருமுழுக்குப் பெற்று ஆலயத்துக்குத் தவறாமல் சென்றுவந்த புதுச்சேரிப் பெண் ஒருவர் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கில், 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவருடைய கோரிக்கையை ஏற்கவில்லை. அந்தத் தீர்ப்பைத்தான் எழுத்தர் எங்களிடமும் எடுத்து வீசினார். ஆனால் ஒரு சிறுமி கணக்குப் பாடம் படிக்கத் திருச்சபைக் கட்டடத்துக்கு வருவதும் திருமுழுக்குப் பெறுவதும் எந்தச் சட்டத்தில் ஒன்றாகும்? சென்னையில் கிறிஸ்தவப் பள்ளிகளில் படித்து இந்து என்றே சான்றிதழ் பெற்றவர்கள் எத்தனை ஆயிரம் பேர்! பள்ளிக்குப் பொருந்தும் அந்த நியாயம், தகரக் கூரை போட்ட எங்கள் மையத்துக்கு மட்டும் ஏனோ பொருந்தவில்லை.

மதம் பார்க்காமல் சேவை செய்கிறோம் என்று மையத்தின் சார்பில் இன்னொரு கடிதம் தரலாமா என்று கேட்டேன். "அதையும் சர்ச்தானே குடுக்கும்?" என்றார். அந்தப் பதிலில் ஒரு தர்க்கம் இருந்ததை மறுக்க முடியவில்லை.

எனவே புதிதாக விண்ணப்பித்தோம். இம்முறை மையத்தின் தாள் ஒன்றுகூட உள்ளே போகவில்லை. கதவு எண்ணை முன்கூட்டியே ஆதாரில் திருத்திக்கொண்டோம். தந்தையின் சான்றிதழ் கையால் எழுதிய பழைய அட்டை என்பதால், அவருடைய அண்ணனின் சான்றிதழையும் சேர்த்தோம். வருவாய் ஆய்வாளர் நேரில் விசாரிக்க வந்த நாளில் நானும் அந்தத் தெருவில் இருந்தேன். வாசல் நிலையில் காய்ந்த வேப்பிலைக் கொத்து, உள்ளே தொலைக்காட்சிப் பெட்டிக்கு மேல் அம்மன் படம், சுவரில் ஆடி மாதக் கூழ் வார்ப்பு நோட்டீஸ். உபயதாரர் பட்டியலில் அந்தக் குடும்பத் தலைவரின் பெயர் இருந்ததைத் தாய் விரலால் சுட்டிக் காட்டினார். ஆய்வாளர் மரியாதையாகப் பேசினார். அண்டை வீட்டாரிடம் இரண்டு கேள்விகள் கேட்டுவிட்டுக் குறித்துக்கொண்டு போனார். ஒருவர் வீட்டுச் சாமி படம் அரசாங்கத்துக்குச் சாட்சி சொல்ல வேண்டிய நிலை வெட்கக்கேடானது என்றே நினைக்கிறேன். எனினும் வேலை நடந்தது. வட்டாட்சியரின் மின்கையொப்பத்துடன் சான்றிதழ் வந்துவிட்டது.

இந்த இரண்டாவது விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டிருந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீட்டுக்குப் போக ஆயத்தமாகத்தான் இருந்தோம். அதற்கு நிராகரிப்புக் காரணம் எழுத்தில் வேண்டும். வாய்மொழியாகச் சொல்வதைக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள்; மனுவாகக் கொடுத்து ஒப்புகை பெறுங்கள்.

எங்கள் திருச்சபையைச் சேர்ந்த ஒரு குடும்பத்தின் பையனுக்கும் அதே பருவத்தில் விண்ணப்பித்தோம். தமிழ்நாட்டில் பட்டியல் சாதியிலிருந்து கிறிஸ்தவத்துக்கு மாறியவர்கள், எத்தனை தலைமுறைக்கு முன் மாறியிருந்தாலும், பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். அதாவது பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கு 18 சதவீத இட ஒதுக்கீடு; அதே தெருவில், அதே கழிவுநீர் நாற்றத்தில் வளர்ந்த இவனுக்கு 26.5 சதவீதத்தில் தன்னைவிட வசதியான சாதிகளோடு போட்டி. இப்படி மதம் மாறியவர்களுக்கும் பட்டியல் சாதித் தகுதி தரலாமா என்ற கேள்வியை ஆராய முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022இல் மத்திய அரசு ஆணையம் அமைத்தது. பையனின் தாயிடம் இதைச் சொன்னபோது, "அது வரட்டும், இப்ப காலேஜ் சீட்டுக்கு என்ன வழி?" என்றுதான் கேட்டார்.

அவர்கள் விண்ணப்பத்தில் ஆபத்து வேறு வகையில் வந்தது. திரையில் சாதிப் பட்டியலை உருட்டிக்கொண்டே போன இளைஞர், 'கிறிஸ்தவ' என்ற சொல்லைக் கண்டதும் கிறிஸ்தவ நாடார் என்பதைத் தேர்ந்தெடுத்துவிட்டார். இரண்டும் பிற்படுத்தப்பட்ட வகுப்புதானே என்று அவர் சமாதானம் சொன்னாலும், இரண்டும் ஒன்றல்ல. ஆதிதிராவிடர் நலத்துறை வழியாகக் கிடைக்கும் மாநில அரசின் கல்வி உதவித்தொகை, ஆதிதிராவிடரிலிருந்து மதம் மாறிய கிறிஸ்தவர் என்று சான்றிதழில் தெளிவாக இருந்தால்தான் அவனுக்குக் கிடைக்கும். சமர்ப்பிக்கும் முன்பே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு வரியாகப் படித்துத் திருத்த வைத்தேன். பின்னால் வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள், அதற்காக எழுந்திருக்கவில்லை. மற்றது எல்லாம் தடையின்றி முடிந்து, மண்டலத் துணை வட்டாட்சியரிடமிருந்து சான்றிதழ் கிடைத்தது.

இப்போது எங்கள் மையத்தில் பெற்றோர் எந்தக் கடிதம் கேட்டு வந்தாலும், எந்த அலுவலகத்துக்கு, எந்த நோக்கத்துக்கு என்பதை முதல் வரியிலேயே எழுதி, வேறு எதற்கும் செல்லாது என்று அடியில் குறித்துத் தருகிறோம். பள்ளி மாற்றுச் சான்றிதழில் மதம், சாதி என்ற கட்டங்களில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதை ஒன்பதாம் வகுப்பிலேயே பார்த்துவிடச் சொல்கிறோம், ஏனெனில் ஜூன் மாதத்தில் அதைத் திருத்தித் தரும் பொறுமை எந்தப் பள்ளி அலுவலகத்துக்கும் இருப்பதில்லை.