பாசல் படம் போடுற தம்பிமாருக்கு

திருகோணமலையில இருந்து ஈபேயில பழைய சிலோன் முத்திரை, காசு ஏலத்தில விக்கிற பெடியள் இப்ப கொஞ்சப்பேர் இருக்கினம், நல்ல விசயம். ஆனா வித்த உடன பாசலைப் படமெடுத்து பேஸ்புக்கில போடுறதப் பாத்தா உண்மையா மனசு கொதிக்குது, வாங்கினவற்ர பேர், வீட்டு இலக்கம், போன் நம்பர் எல்லாம் வடிவா வாசிக்கலாம். விலை கூடின சாமான் எந்த வீட்டுக்குப் போகுதெண்டு ஊருக்கே சொல்லலாமா?

ஈபேயே ஏலம் கேக்கிறவற்ர பேரில ரெண்டு எழுத்தை மட்டும் விட்டிட்டு நடுவில நட்சத்திரம் போட்டு மறைக்குது. முந்தி முழு ஐடியும் தெரிஞ்ச காலத்தில, ஏலத்தில தோத்தவரைத் தேடிப்பிடிச்சு "வெண்டவர் வேண்டாமெண்டிட்டார், உங்களுக்கே தாறம், காசை இங்க அனுப்புங்கோ" எண்டு கள்ளர் மெயில் போட்டவங்கள்.

படம் போடத்தான் வேணுமெண்டா லேபல் ஒட்ட முதல் எடுங்கோ தம்பி. போன்ல இருக்கிற ஹைலைட்டரால கறுப்படிச்சா காணாது, வெளிச்சத்தைக் கூட்டினா எழுத்து திரும்பத் தெரியும், பார்கோடும் ட்ராக்கிங் நம்பரும் கூட வெட்டுப்படோணும். வாங்கினவற்ர நம்பரை வாட்ஸ்அப் விளம்பர லிஸ்ட்டில சேக்காதேங்கோ, அவர் தந்தது சாமான் வந்து சேர மட்டும்தான். எங்கட நாட்டிலயும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கு, ஒருக்கா வாசிச்சுப் பாருங்கோ.